லேஞ்சி போட்டுப் பிடித்த ஆசனம்

கொம்பனித்தெருவில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு நடந்தால், வாயில் இனிப்புப் போகுமுன் காலிமுகத்திடலின் பழைய பாராளுமன்றக் கட்டடம் வந்துவிடும். 1930இல் திறந்த அந்தக் கட்டடத்துக்குப் பெண்கள் போன பாதை அவ்வளவு குறுக்குவழி அல்ல.

1927இல் நாட்டின் அரசியலமைப்பை ஆராய டொனமூர் ஆணைக்குழுத் துரைமார் கப்பலில் வந்து இறங்கினார்கள். பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்று அக்னஸ் டி சில்வாவும் கூட்டாளிகளும் போய் நின்றார்கள். தோட்டத்துத் தமிழ்ப் பெண்களுக்குமா என்று துரைமார் கேட்க, அவர்களும் பெண்கள்தானே என்று அக்னஸ் கணக்கை முடித்தார். சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கு மட்டும் இந்தச் சங்கதி தொண்டைக்குள் இறங்கவேயில்லை. பெண்களுக்கு 30 வயதாகட்டும் என்றார்கள் துரைமார். புத்தி அப்போதுதான் முளைக்கும்போல! கடைசியில் 1931இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் 21 என்றாயிற்று. சுவிஸ் மாதர் அதே உரிமைக்கு 1971 வரை காத்திருந்தார்கள்.

1931 பொதுத்தேர்தலில் ஒரு பெண்ணும் வெல்லவில்லை. பிறகு ருவான்வெல்ல உறுப்பினர் மீதெனிய காலமாக, மகள் அடலின் மொலமுரே இடைத்தேர்தலில் வென்று அரசாங்க சபைக்கு வந்தார். வந்து பார்த்தால் சபாநாயகர் கதிரையில் வீட்டுக்காரர்! வீட்டில் யார் சபாநாயகரோ, அது நமக்கெதற்கு?

கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கதை இன்னும் ருசி. கொழும்பு வடக்கில் வென்ற டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்துவின் பதவியைத் தேர்தல் மனு பறித்தது. பஸ் ஆசனத்தில் லேஞ்சி போடுவதுபோல 1932இல் மனைவி நேசம் அங்கே நின்றார், வென்றார். சபையேறிய முதல் தமிழ்ப் பெண் அவர்தான். லேஞ்சி எழுந்து பேசும் என்று யார் கண்டது? ஐயா 1937இல் கொழும்பின் முதல் மேயராகி வேறு கதிரை பிடித்துக்கொண்டார்.

கணவர் சுடப்பட்டு இறந்த மறுவருடம், 1960இல், சிறிமாவோ உலகின் முதல் பெண் பிரதமரானார். லேஞ்சிதானே என்று நினைத்தவர்கள் அவரை மூன்று முறை பிரதமராகப் பார்க்க வேண்டியதாயிற்று.

தகப்பன் செத்தால், புருஷன் பதவி போனால், புருஷனே போனால்: கதவு திறந்த முகூர்த்தங்கள் இவைதாம். 2024இல் பிரதமரான ஹரிணி அமரசூரிய எவருடைய லேஞ்சியும் அல்ல. ஆனாலும் அவ்வருடம் தெரிவான பாராளுமன்றத்தின் 225 கதிரைகளில் பத்திலொன்றுகூடப் பெண்களுக்கு வரவில்லை.