முதலடி கிடைத்துவிட்டது

தமிழ்நாட்டுத் தெய்வங்களுக்கும் தமிழ்ப் புலவர்களுக்கும் நெடுங்காலமாக ஓர் எழுதாத ஒப்பந்தம் இருந்து வந்திருக்கிறது: முதலடியைத் தெய்வம் எடுத்துக் கொடுக்கும், மிச்சத்தைப் புலவர் தம் சொந்தப் பிரயாசையில் முடித்துக்கொள்ள வேண்டும். தில்லையில் சேக்கிழார் பெருமானுக்கு அசரீரியாகக் கிடைத்தது ஒரே ஒரு சொல். அதைப் பற்றிக்கொண்டு 4,000 பாடல்களுக்கு மேல் பாடிப் பெரியபுராணத்தை அவர் நிறைவேற்றினார். திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து குதித்த அருணகிரிநாதரைத் தாங்கிக்கொண்ட முருகப்பெருமானும், திருப்புகழுக்குத் தொடக்கம் சொல்லிக் கொடுத்ததோடு தம் கடமை தீர்ந்தது என்று மறைந்துவிட்டார். சுந்தரமூர்த்தி சுவாமிகளின் விஷயம் இன்னும் விசேஷமானது. தம் கல்யாணத்தைத் தடுக்க வந்த கிழவரை அவர் என்ன சொல்லி வைதாரோ, அந்த வசையையே முதற்சொல்லாக வைத்துப் பாடும்படி திருவெண்ணெய்நல்லூரில் அவருக்கு உத்தரவாயிற்று. வைதவருக்கே அடியெடுத்துக் கொடுத்த தெய்வம், வாயைத் திறவாமல் வணங்கி வருகிற என்னைக் கைவிட்டுவிடுமா என்ற தைரியத்தில்தான் நான் கதை எழுதும் துறையில் இறங்கினேன்.

கைவிடவில்லை. என்னிடம் முதலடிகளுக்குப் பஞ்சமே கிடையாது. நீல அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று அவற்றாலேயே நிரம்பிக் கிடக்கிறது. "அன்று மழை பெய்திருக்கவே கூடாது" என்று ஒன்று. "விளக்கு அணைந்த பிறகும் அவள் அங்கேயேதான் நின்றாள்" என்று ஒன்று. "பெரியப்பா சிரித்ததை அந்த வீட்டில் ஒருவரும் பார்த்ததில்லை" என்று ஒன்று. படித்தவர்கள் எல்லாரும், "அப்புறம்?" என்று ஆவலோடு கேட்கிறார்கள். நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மழை ஏன் பெய்திருக்கக் கூடாது, அவள் எதற்காக நின்றாள், பெரியப்பாவுக்கு என்ன கஷ்டம் என்பதெல்லாம் எனக்குத் தெரியுமானால் இரண்டாவது அடியை எழுதிவிட மாட்டேனா? எந்தத் தெய்வமும் இரண்டாவது அடியை எடுத்துக் கொடுத்ததாக நான் படித்த ஸ்தல புராணங்களில் பிரஸ்தாபமே இல்லை.

இந்த வரிசையில் நான் மனமாரப் பொறாமைப்படுவது காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாசாரியார் ஒருவரிடந்தான். கந்தபுராணத்துக்கு முதலடி கொடுத்ததோடு குமரகோட்டத்து முருகன் நின்றுவிடவில்லை. சிவாசாரியார் நாள்தோறும் 100 பாடல்கள் எழுதி, இரவில் அவற்றைச் சந்நிதியில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு போவாராம். காலையில் வந்து பார்த்தால் பிழைகளெல்லாம் திருத்தப்பட்டிருக்குமாம். பிறர் கைபட்ட திருத்தத்தை எழுத்தாளர் ஒருவர் ஆனந்தக் கண்ணீரோடு ஏற்றுக்கொண்டதாக நான் கேள்விப்பட்டிருப்பது இந்த ஒரு சந்தர்ப்பத்தில்தான். நானும் அரைகுறைக் கதை ஒன்றைப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டுப் படுத்தேன். இரவோடிரவாக எலி ஒன்று அதன் ஓரங்களைக் குறைத்திருந்தது. வாசித்துப் பார்த்தபோது கதை முன்னிலும் சுருக்கமாகவும் சற்று விறுவிறுப்பாகவும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் முடிவு எப்படி என்பது எலிக்கும் தோன்றவில்லை.

உள்ளூர் மார்க்கம் இவ்விதம் அடைபட்டுப் போகவே, வெளிநாட்டாரின் அனுஷ்டானங்களை ஆராயலானேன். ஜெர்மானிய மகாகவி ஷில்லர், அழுகிய ஆப்பிள் பழங்களை மேஜை இழுப்பறையில் வைத்திருந்து, அந்த வாசனை இல்லாமல் எழுத மாட்டாராம். அவரைக் காணப் போனவிடத்தில், அவர் இல்லாத சமயம் பார்த்து அந்த மேஜையருகே உட்கார்ந்துவிட்ட கவிஞர் கதே, தமக்குத் தலை சுற்றி மயக்கம் வந்த கதையைப் பிற்காலத்தில் எக்கர்மன் என்ற அன்பரிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் ஆப்பிள் என்பது காய்ச்சல்காரருக்காக வாங்கப்படும் வஸ்து. அழுகுகிற வரைக்கும் அது தங்குவதில்லை. ஆகவே பூவன் பழத்தைக் கொண்டு பரீட்சை செய்தேன். பொடி ஈக்கள் வந்தன, சிற்றெறும்புகள் வந்தன, கடைசியாக என் மனைவி வந்தாள். ஷில்லரின் மகிமையையும், அவர் மனைவி அந்தப் பழக்கத்தை அனுமதித்து வந்த பெருந்தன்மையையும் அவளுக்கு விஸ்தாரமாக எடுத்துரைத்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த அம்மாள் படம் எங்கேயாவது கிடைத்தால் வாங்கி வாருங்கள், மாட்டிவைத்துக் கும்பிட வேண்டும்" என்றாள்.

இங்கிலாந்திலே ஆந்தனி டிராலப் என்றொரு நாவலாசிரியர். தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே நாவல் நாவலாக எழுதிக் குவித்தவர். விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேஜைமுன் அமர்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொற்கள் என்று அளந்து எழுதுவது அவர் வழக்கம். அவர் காலமானதற்கு மறு வருஷம், 1883-இல், வெளியான சுயசரிதையில் இதையெல்லாம் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார். கலைமகளிடம் மணிக்கணக்குப் பார்த்து வேலை வாங்குவதா என்று ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கோ அந்தப் புத்தகத்தில் வேறோர் இடத்திலே மனம் நின்றது. காலையில் எழுப்பிக் காப்பி கொண்டுவந்து கொடுப்பதற்காகக் கிழ வேலைக்காரன் ஒருவனுக்கு வருஷத்துக்கு 5 பவுன் அதிகமாகக் கொடுத்தாராம். தம்முடைய வெற்றிக்கு வேறு எவரையும்விட அந்தக் கிழவனுக்கே தாம் அதிகம் கடமைப்பட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறார். கலைமகள் இத்தனை சொற்பச் சம்பளத்துக்கு வந்ததும் அல்லாமல் காப்பியும் கொண்டுவந்திருக்கிறாள்! எங்கள் வீட்டில் அந்த நேரத்துக்குப் பால்காரரே வருவதில்லை. வந்தாலும் காப்பி போடுகிறவன் நான்.

இத்தனையையும் கடந்து, விஷயத்தின் மர்மம் கடைசியில் காளமேகப் புலவர் சரித்திரத்தில்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. அவர் ஸ்ரீரங்கத்து மடைப்பள்ளியில் பரிசாரகராக இருந்தவர்; திருவானைக்காவிலே ஒரு நாட்டியப் பெண்ணிடம் காதல் கொண்டு, அவள் வரவை எதிர்பார்த்துக் கோயிலிலேயே உட்கார்ந்திருந்து தூங்கிப் போனார். அதே கோயிலில் வித்தை வேண்டி நெடுநாளாகத் தவம் கிடந்த உபாசகர் ஒருவரும் இருந்தார். அம்பாள் வாய்நிறையத் தாம்பூலத்தோடு ஒரு சாதாரணப் பெண்ணாக வந்து, "வாயைத் திற" என்றாள். உபாசகர் அருவருத்து விரட்டிவிட்டார். தூக்கக் கலக்கத்தில் இருந்த பரிசாரகர் வாயைத் திறந்தார். காளமேகமானார் என்பது கதை. எல்லாரும் காளமேகத்தைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அந்த உபாசகரிடந்தான் அனுதாபம். சுத்தம் சுகாதாரம் தெரிந்த எவனும் அவர் செய்ததைத்தான் செய்திருப்பான். இருந்தாலும் தேடி வந்தவனை விட்டுவிட்டு வேறு காரியமாக வந்தவனைத்தான் அருள் பிடித்துக்கொள்கிறது என்ற சூக்ஷ்மம் விளங்கிவிட்டபடியால், மறுநாள் கற்பனையைப் பற்றிச் சற்றும் லட்சியமில்லாதவனைப்போல் முகத்தை வைத்துக்கொண்டு, சட்டைப் பைக்குள் பென்சிலை மறைத்துக்கொண்டு, மயிலாப்பூர் மாடவீதியில் கத்தரிக்காய் வாங்கப் புறப்பட்டேன். கத்தரிக்காய் கிடைத்தது, அதிலும் பாதி சொத்தை. அம்பாளுக்குப் பென்சில் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் எதிர்வீட்டில் ரெயில்வே கணக்குப் பகுதியிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். கதை, கவிதை என்றால் அவருக்கு ஏளனம். ஆனால் தெருச் சாக்கடையைப் பற்றி மேலதிகாரிகளுக்கு அவர் எழுதுகிற மனுக்களோ, கிளைக்கதைகளும் உபகதைகளும் பல்கி, ஒவ்வொன்றும் ஒரு சிறு காவியமாக விரிகின்றன. பழ வாசனையும் காப்பியும் இல்லாமல், தாம்பூலத்தைத் தாமே போட்டுக்கொண்டு, மூச்சு விடாமல் எழுதித் தள்ளுகிற அந்த மகானைத் திண்ணையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அவர் ஒருநாள் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "ஸார், உங்களிடம் ஓர் உதவி. விஷயம் என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. ஆரம்பந்தான் சரியாக அமையவில்லை. 'மேற்படி விஷயமாக' என்று தொடங்கினால் எவனும் படிப்பதில்லை. முதல் வரி ஒன்று எழுதிக் கொடுங்கள்" என்றார்.

ஜன்மத்தில் முதல்முறையாக நான் தெய்வத்தின் ஸ்தானத்தில் நின்றேன். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டி, "அன்று மழை பெய்திருக்கவே கூடாது" என்று அருளினேன். பெரியவர் அதை இருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார், கண் பளபளத்தது, விடுவிடென்று திண்ணைக்குப் போனவர் விளக்கு வைப்பதற்குள் மனுவை முடித்துவிட்டார். சில நாட்களில் ஆட்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். மேற்பார்வைக்கு வந்த அதிகாரி, "அன்றைக்கு அப்புறம் என்னதான் ஆயிற்று?" என்று பெரியவரை நேரிலேயே விசாரித்துவிட்டுப் போனதாகக் கேள்வி.

இப்போது தெருவிளக்கு சம்பந்தமாக இன்னொரு மனு தயாராகிறது. பெரியவர் மறுபடியும் வந்து உட்கார்ந்திருக்கிறார். விளக்கு அணைந்த பிறகும் நின்ற பெண்ணைப் பற்றிய என் முதலடியைக் காட்டினேன். 'அவள்' என்பதை எடுத்துவிட்டு 'பொதுஜனங்கள்' என்று போட்டுக்கொண்டால் மனுவுக்குப் பொருத்தமாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம். அவள் இருக்கட்டும் என்கிறார் பெரியவர்.