எட்டு வார அறிஞர்

பெய்ஜிங்கின் வடமேற்கிலுள்ள வூதாவ்கோ என்னும் பகுதியின் பெயருக்கு ‘ஐந்தாவது ரயில்வே கேட்’ என்பதற்கு மேல் பெருமை ஏதுமில்லை. ஆயினும் பீக்கிங், சிங்ஹுவா முதலிய பல்கலைக்கழகங்கள் அருகருகே அமைந்திருப்பதால், அதனைப் ‘பிரபஞ்சத்தின் மையம்’ என்று விளையாட்டாக அழைப்பதுண்டு. ஜூன் இறுதியில் அங்கு வந்திறங்கும் கோடைகால மொழிமாணவர், அப்பட்டம் தம் வருகையை முன்னிட்டே வழங்கப்பட்டதென்று நம்பத் தொடங்குவதற்கு இரண்டு வாரங்கள் போதும்.

முதல் வாரத்தில் இவரிடம் அத்தகைய மிடுக்கு எதுவும் காணப்படுவதில்லை. வந்து 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் தங்குமிடத்தைப் பதிவு செய்யவும், கடவுச்சீட்டைக் காட்டிக் கைப்பேசி எண் பெறவும் அலைந்து ஓய்ந்தவர், காலையில் ஜியென்பிங் வண்டியின் முன் வந்து நிற்பார். ஜியென்பிங் என்பது வட்டக் கல்லில் மாவை மெல்லப் பரப்பி, மேலே முட்டையுடைத்துத் தேய்த்து, வெங்காயத்தாள் தூவி மடித்துத் தரும் பண்டம். வண்டியில் கியூஆர் அட்டை தொங்க, இவரோ 100 யுவான் தாளை நீட்டுவார். சில்லறை தேடிக் கடைக்காரர் பக்கத்து வண்டிக்கு ஓடுவதற்குள் கல்லிலிருப்பது கருகிவிடும்.

அடுத்து வருவது மொழி உறுதிமொழி. பாடம் முடியும்வரை சீனம் தவிர வேறெதுவும் பேசுவதில்லை என்று மாணவர் கையொப்பமிட்டுத் தரும் ஆவணம் இது. நேற்றுவரை தம் தாய்மொழியில் ஜனநாயகத்தின் நெருக்கடியை அலசிவந்தவர், கையொப்பமிட்ட மறுகணமே மூன்று வயதுக் குழந்தையின் சொல்வளத்துக்கு இறங்கி, காதல் முறிந்து கலங்கும் அறைத்தோழரிடம், “அவள் நல்லவள் இல்லை. நீ நல்லவன். நாம் சாப்பிடலாம்” என்று ஆறுதல் கூறுகிறார். (தேர்ந்த மொழிவாணர்களும் அவ்வேளையில் இதைவிட உருப்படியாகப் பேசுவதில்லை என்பது வேறு.)

சீனப் பொதுமொழியில் ஓர் அசையின் பொருளைத் தீர்மானிப்பவற்றுள் தொனியும் ஒன்று. 1958-இல் ஏற்கப்பட்ட பின்யின், அதாவது சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் குறிக்கும் முறை, நான்கு தொனிகளையும் உயிரெழுத்தின் தலைமேல் சிறு குறிகளாகக் காட்டுகிறது. இம்மாணவர் அவற்றை அலங்காரமென்றே கருதுகிறார். ‘மாய்’ என்பதில் குரல் தாழ்ந்து எழுந்தால் ‘வாங்கு’. சட்டென விழுந்தால் ‘விற்பனை செய்’. ஆகவே தர்பூசணி வண்டிக்காரரிடம் சென்று, தாம் இரண்டு பழம் விற்க விரும்புவதாகக் கம்பீரமாக அறிவிக்கிறார். வண்டிக்காரர் இவருடைய வெறுங்கைகளைப் பார்த்துவிட்டு, போட்டிக்கு வந்தவரைக் கண்டு அஞ்சத் தேவையில்லை என்று தெளிகிறார். போகும்போது, “உங்கள் சீனம் மிக நன்று” என்று பாராட்டியும் அனுப்புகிறார்.

இப்பாராட்டை உண்டு வளர்ந்தே நான்காம் வாரத்தில் இவர் அறிஞராகிறார். ஜூலை வெயிலில் வெந்நீர்க் குடுவையுடன் திரிகிறார். வெந்நீரின் நன்மையைச் சீனருக்கே எடுத்துரைக்கிறார். மக்கள் குடை பிடிப்பது முதல் அறையில் மெத்தை கட்டாந்தரையாக இருப்பது வரை அனைத்துக்கும் கன்பூசியஸே காரணமென்று, தமக்குத் தெரிந்த சில நூறு சொற்களுக்குள் நிறுவிவிடுகிறார்.

எட்டாம் வாரம் மீண்டும் அதே தர்பூசணி வண்டி. ‘மாய்’ தாழ்ந்து எழுகிறது. வண்டிக்காரர் தலை நிமிராமலே பழத்தைத் தட்டிப் பார்த்து, நிறுத்து, ‘ஜின்’ எனப்படும் 500 கிராம் கணக்கில் விலை சொல்லி, “வெட்டவா?” என்று மட்டும் கேட்கிறார். பாராட்டு வராததால் உச்சரிப்பில் எங்கோ பிழை நேர்ந்துவிட்டதென்று வருந்தியபடி, பழத்தை அணைத்துக்கொண்டு விடுதிக்குத் திரும்புகிறார் அறிஞர்.