மூன்றாம் வரிசைக்காரர்

சென்னையில் இலக்கியக் கூட்டம் நடத்துகிறவர்கள் நாற்காலி போடும்போதே, மூன்றாம் வரிசையில் நடைபாதையை ஒட்டினாற்போல் உள்ள ஒன்றை அவருக்கென்று மனசுக்குள் ஒதுக்கிவிடுவார்கள். பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. 'நம்ம சார்' என்றால் போதும். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, அதில் ஒன்று எழுதாது. தோளில் ஏதோ ஒரு மாநாட்டில் கொடுத்த ஜோல்னாப் பை. அதற்குள் மடக்குக் குடை, தண்ணீர் பாட்டில், அந்த வாரத்து அழைப்பிதழ்கள். தொலைபேசித் துறையில், டிரங்க் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊர் விட்டு ஊர் பேசுகிறவர்களுக்கு இணைப்புக் கொடுத்துவிட்டு, “த்ரீ மினிட்ஸ் ஓவர்” என்று நடுவில் புகுந்து சொல்லும் வேலை. அடுத்தவர் பேச்சைக் கேட்பதில் அவருக்கு இருக்கும் பிடிப்பு அங்கே ஏற்பட்டதுதான்.

ஏன் மூன்றாம் வரிசை என்று ஒருமுறை கேட்டேன். பரிதாபமாகப் பார்த்தார்.

“முதல் வரிசையில உட்கார்ந்தா, தலைவர் வந்ததும் எழுப்பி விட்ருவாங்க தம்பி. ரெண்டாவது, பிரதி வாங்கிக்கறவங்களுக்கு. அதுல ஒருத்தர் வரலைன்னா நம்மளை மேடைக்குக் கூப்பிடுவாங்க. வாங்கினா காசு குடுக்கணும். நாலாவது வரிசைக்குத் தட்டு வந்து சேரும்போது பிஸ்கட் உடைஞ்சிருக்கும். மூணாவதுக்கு நேர் மேல ஃபேன்.”

கூட்டத்துக்குப் போவதிலும் அவருக்கொரு கணக்கு உண்டு. மாநகரப் பேருந்தில் 60 வயது கடந்தவர்களுக்கு மாதம் 10 இலவச டோக்கன் தருகிறார்கள். போக ஒன்று, வர ஒன்று என்றால் மாதத்துக்கு ஐந்து கூட்டம். பெரம்பூரில் 29சி ஏறினால் மயிலாப்பூர்ப் பக்கம் கவிக்கோ மன்றம். வேறொரு பேருந்து பிடித்தால் அண்ணா சாலையில் தேவநேயப் பாவாணர் நூலகம். ஆறாவது கூட்டம் என்றால் சொந்தக் காசு. ஆகவே தமிழ் எழுத்தாளர்களை அவர் டோக்கன் எழுத்தாளர், டிக்கெட் எழுத்தாளர் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார். டிக்கெட் எடுத்துப் போய்க் கேட்கத் தக்கவர் என்று அவர் ஒப்புக்கொண்டது மொத்தம் நான்கு பேரை. அதில் இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள். நான் எந்த வகை என்று கேட்டுக்கொண்டதில்லை. புரசைவாக்கத்தில் என் புத்தகத்துக்குக் கூட்டம் நடந்தபோது பெரம்பூரிலிருந்து நடந்தே வந்தார். அதை எப்படி எடுத்துக்கொள்வதென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கலந்துரையாடல் என்று அறிவித்த நொடியில் எழுந்துவிடுவார். “இது கேள்வி இல்லை, ஒரு சின்னப் பதிவு” என்றுதான் ஆரம்பம். நாவல் பனையேறிகளைப் பற்றியதோ, பனிப்போரைப் பற்றியதோ, பதிவு 1979இல் ஓர் எழுத்தாளருக்குக் கோவில்பட்டிக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுத்த இடத்தில்தான் போய் நிற்கும். அந்த எழுத்தாளர் யார் என்பதைச் சொல்வதற்குள் யாராவது ஒலிவாங்கியை வாங்கிவிடுவார்கள்.

2020 மார்ச் 25ஆம் தேதி நாடே வீட்டுக்குள் போனது. டோக்கன்கள் ஜோல்னாப் பையில் கிடந்தன. அவர் வாசலுக்கும் மொட்டை மாடிக்கும் நடந்து பார்த்தார். ஏப்ரல் மாதத்தில் தமிழ் இலக்கியம் ஜூமில் குடியேறிவிட்டதாகச் சேதி வந்ததும் பேரன் கைபேசியில் அதை ஏற்றிக் கொடுத்தான். திரையில் அவருடைய இடத்தில் 'கீர்த்தனா, 8-பி' என்ற பெயர்தான் தெரிந்தது. பேத்தியின் ஆன்லைன் வகுப்புக்குப் போட்ட பெயர். அயல்நாட்டு எழுத்தாளர் ஒருவர், “எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தவறாமல் வருவது நம்பிக்கை தருகிறது” என்று நெகிழ்ந்து பேசினார். சார் அதைத் திருத்தவில்லை.

டிரங்க் எக்ஸ்சேஞ்சுக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை: தூரம் கூடினால் குரலும் கூட வேண்டும். வில்லிவாக்கத்துக்காரரிடம் சாதாரணமாகப் பேசினார். யாழ்ப்பாணத்துக்காரரிடம் கொஞ்சம் உரக்க. டொராண்டோக்காரர் வந்தபோது பக்கத்து வீட்டில் சன்னலைச் சாத்தினார்கள்.

ஜூமால் விளைந்த நன்மைகளைச் சொல்லாமல் போனால் பாவம் வரும். முதல் நன்மை 40 நிமிடம். காசு கட்டாதவர்கள் நடத்தும் கூட்டம் அத்தோடு தானே கலைந்துவிடும். பழைய பழக்கத்தில் வரவேற்புரைக்குக் கால் மணி நேரம், வாழ்த்துரைக்கு மூன்று பேர் என்று வைத்துக்கொண்ட ஒரு கூட்டத்தில், கடைசியில் நூலாசிரியர் ஏற்புரைக்கு வந்து, “இந்த நாவலை நான் எழுதியதற்குக் காரணம்…” என்றபோது திரை அணைந்தது. காரணம் இன்றுவரை யாருக்கும் தெரியாது. பொற்றாமரைக் குளத்தில் மிதந்த சங்கப்பலகை தகுதியில்லாதவரைத் தள்ளிவிடும் என்பார்கள். இந்தப் பலகை தகுதியெல்லாம் பார்க்காது, மணி பார்த்துத் தள்ளிவிடும். மேடைத் தமிழுக்கு விஞ்ஞானம் செய்த தொண்டுகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். சாருக்கும் உள்ளூர மகிழ்ச்சி. “எங்க காலத்துல மூணு நிமிஷம். இவங்க நாப்பது குடுக்கறாங்க, தாராளம்தான்” என்றார்.

டோக்கன் தேவையில்லை என்பதால் மாதம் ஐந்து என்பது நாளைக்கு மூன்று ஆனது. ஒரு சனிக்கிழமை மாலை கைபேசியில் சிறுகதை, மருமகளின் மடிக்கணினியில் கவிதை, பேத்தியின் டேப்லெட்டில் ஓர் அஞ்சலிக் கூட்டம் என்று மூன்றிலும் உட்கார்ந்திருந்தார். கவிதைக்குத் தட்ட வேண்டிய கையை அஞ்சலியில் தட்டியதாகக் கேள்வி.

வணக்கத்தில்தான் எல்லோருக்கும் குழப்பம். இங்கே மாலை 7 என்றால் சிங்கப்பூரில் இரவு 9.30, டொராண்டோவில், அவர்களுடைய கோடைக்காலமாக இருந்தால், காலை 9.30, சிட்னியில் நள்ளிரவுக்கு அரை மணி பாக்கி. காலை வணக்கம், மாலை வணக்கம் என்று ஊர் ஊராகச் சொல்லி முடிக்கவே ஐந்து நிமிடம் போயிற்று. தமிழ்த்தாய் வாழ்த்து இன்னொரு சங்கடம். எழுந்து நிற்க வேண்டும் என்று அரசாணை வந்தது 2021 டிசம்பரில்தான். சார் அதற்கு முன்பே, யாரும் சொல்லாமலே, ஜூமிலும் எழுந்து நிற்பார். கைபேசி மட்டும் மேசை மேலேயே இருக்கும். ஆகவே அந்த 55 விநாடியும் உலகத் தமிழர்கள் கட்டம் போட்ட லுங்கி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொன்னாடை என்ன ஆகும் என்று கவலைப்பட்டேன். அதற்கும் வழி கண்டார்கள். சிறப்பு விருந்தினர் தம் வீட்டு பீரோவிலிருந்து, முன்பு யாரோ போர்த்திய பொன்னாடை ஒன்றைத் தாமே எடுத்துக் கொடுக்க, அவர் மனைவி அதைப் போர்த்திவிட, “பொன்னாடை அணிவித்துக் கௌரவிக்கிறோம்” என்று அமைப்பாளர் இங்கிருந்து கௌரவித்தார். காசு மிச்சம். அந்த அம்மாள் கணவருக்குப் பொன்னாடை போர்த்தியபோது முகத்தில் தெரிந்ததை எந்த மேடையிலும் நான் பார்த்ததில்லை.

இவ்வளவு இருந்தும் சார் இளைத்துக்கொண்டே வந்தார். முதலில் தேநீர்தான் குறை என்று நினைத்தார். இடைவேளையில் அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அம்மா, கொண்டுவந்து வைத்த டம்ளர் காப்பி ஒட்டவில்லை. பேப்பர் கப் ஒரு கட்டு வாங்கிவரச் சொல்லி, அதில் தண்ணியாகத் தேநீர் போட்டு, இரண்டு மாரி பிஸ்கட்டோடு குடித்துப் பார்த்தார். அப்படியும் ஒட்டவில்லை. விஷயம் தேநீரில் இல்லை, வாசலில் இருந்தது. கூட்டம் முடிந்தபின் வாசலில் நடக்கிற கூட்டம்தான் அவருக்குக் கூட்டம். உள்ளே “அருமையான பதிவு” என்று கைதட்டியவர், செருப்பை மாட்டியதும் “முன்னுரை மட்டும் தேறும்” என்பார். எதிர்த்த டீக்கடையில் நாலு பேர் சேர்ந்தால் முன்னுரையும் தேறாது. எந்தப் பதிப்பாளர் யாருக்கு எவ்வளவு பாக்கி, யாருக்கு எந்த விருது கிடைக்கக் கூடாது என்பதெல்லாம் கடைசிப் பேருந்து வரைக்கும் ஓடும். ஜூமில் 'வெளியேறு' என்ற பொத்தானை அழுத்தினால் எதிரே பீரோ நிற்கிறது. பீரோவிடம் முன்னுரையைப் பற்றி என்ன பேசுவது?

பேசத்தான் பேசினார். ஒருநாள் கூட்டம் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சமையலறைப் பக்கம் பார்த்துச் சொன்னார்: “முன்னுரை மட்டும்தான் தேறும்.”

கூட்டம் முடியவில்லை. ஒலியும் அணையவில்லை. மூன்று கண்டங்களில் தமிழர்கள் அதைக் கேட்டார்கள். நூலாசிரியர் சிட்னியில், நள்ளிரவில் விழித்திருந்து கேட்டார். அடுத்து ஒரு பெண்குரல், வெண்டைக்காய் நறுக்கும் சத்தத்தோடு:

“அதெல்லாம் இல்லீங்க. முன்னுரைதான் சவசவன்னு இருக்கு. ஏழாவது அத்தியாயத்துல அந்தப் பொண்ணு பம்படியில தனக்குத்தானே பேசிக்கறா பாருங்க, அங்கதான் கதையே இருக்கு. அதைப் பத்தி இத்தனை பேர்ல ஒருத்தரும் வாயே திறக்கலை.”

ஆசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “யாரும்மா அது? பேசினது யாரு?”

'கீர்த்தனா, 8-பி'யிலிருந்து பதில் இல்லை. பிறகு அம்மா வந்தார். முகத்தைக் காட்டவில்லை, சுவரில் மாட்டியிருந்த காலண்டர் மட்டும் தெரிந்தது. இரண்டு நிமிடம் பேசினார். ஆசிரியர் அந்த அத்தியாயத்தை நாலு முறை திருத்தி எழுதிய கதையை அதன்பிறகுதான் சொன்னார். அன்று நடந்தது ஒன்றுதான் கலந்துரையாடல், மற்றதெல்லாம் வாழ்த்துரை.

சார் வீட்டுக்கு வரும் இலவசப் பிரதிகளை நாற்பது வருடமாக வாசித்து வந்தது அவரில்லை, அந்த அம்மாள். கூட்டத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. மாலை ஐந்தரை மணி என்று அச்சடித்தவர்கள் யாரும் அந்த நேரத்தில் வீட்டில் விளக்கேற்றுவது யார், டிபன் செய்வது யார் என்று யோசித்ததில்லை. நானும் அச்சடித்திருக்கிறேன், நானும் யோசித்ததில்லை. இப்போது டொராண்டோப் பெண்கள் நாலைந்து பேரும் யாழ்ப்பாணத்து ஆசிரியை ஒருவரும் சேர்ந்து நடத்தும் வாசிப்பு வட்டத்தில் அம்மாதான் மூத்தவர். சனிக்கிழமை ஏழு மணிக்கு அடுப்பு சிம்மில் இருக்கும்.

அரங்கங்கள் திறந்தன. சார் டோக்கனைத் தூசு தட்டிக்கொண்டு கிளம்பினார். “நீயும் வாயேன்” என்று கூப்பிட்டிருக்கிறார். “எனக்கு இங்கயே நல்லா கேக்குது, நீங்க போயிட்டு வாங்க” என்று அம்மா சொல்லிவிட்டார்.

சென்ற மாதம் ஓர் அரங்கில் கூட்டம். சார் மூன்றாம் வரிசையில். பக்கத்து நாற்காலியில் நான். சிறப்பு விருந்தினர் வெளிநாட்டிலிருந்து ஜூமில் இணைகிறார் என்று மேடையில் வெள்ளைத் திரை கட்டியிருந்தார்கள். முகம் வந்தது, வாய் அசைந்தது, கையும் ஆடியது. சத்தம் மட்டும் வரவில்லை. இரண்டு இளைஞர்கள் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார்கள். தலைவர் ரசிப்பதுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

சார் கைபேசியை எடுத்தார். “ஹலோ, நான்தான். அங்க கேக்குதா?”

“நல்லா கேக்குதுங்க. அவர் ஆரம்பிச்சுப் பத்து நிமிஷம் ஆச்சு.”

“என்ன சொல்றார்?”

அம்மா சொல்லச் சொல்ல, இடது கையால் வாயைக் குவித்துக்கொண்டு, பழைய எக்ஸ்சேஞ்ச் குரலில் சார் எங்களுக்குச் சொல்ல ஆரம்பித்தார். தமிழ் நாவலில் ஊர் என்பது வெறும் பின்னணி இல்லையாம். நான்காம் வரிசை முன்னால் சாய்ந்தது. இரண்டாம் வரிசை திரும்பியது. சற்று நேரத்தில் முதல் வரிசையும் திரும்பியது. மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிரமுகர்கள் அவர் முகத்தையே பார்த்தார்கள். ஒயர்க்காரப் பையன்கள்கூட நின்று கேட்டார்கள்.

“…இந்த இடத்தில் சிறப்பு விருந்தினர் 1979இல் கோவில்பட்டிக்குப் போட்ட ஒரு டிரங்க் காலை நினைவுகூர்கிறார்…”

“அவர் எங்கங்க அதைச் சொன்னார்?” என்ற குரல் எனக்கே கேட்டது. தொடர்ந்து ஒரு விசில். “மூணு நிமிஷம் ஆச்சு, குக்கர் இறக்கணும். வைக்கறேன்.”

கைபேசித் திரை அணைந்ததைப் பக்கத்தில் இருந்த நான் பார்த்தேன். சார் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. சிறப்பு விருந்தினரின் உரை இன்னும் பத்து நிமிடம் நடந்தது.