ஐரோப்பிய நுகர்வோருக்கு ஒரு நன்றியுரை

மலேசியாவின் கோலசிலாங்கூர் தோட்டப்புற மக்கள் சார்பில் நன்றி சொல்ல வந்திருக்கிறேன்.

முதல் நன்றி ஹென்றி ஃபோகோனியே துரைக்கு. பத்தாங் பெர்ஜுந்தை பக்கம், தென்னமாரம் தோட்டத்தில் 1917இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்ட பிரெஞ்சுக்காரர். பிறகு மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930இல் கோன்கூர் பரிசும் வாங்கினார். குலை வெட்டிய எங்களவர்கள் வாங்கியது லயத்து வீடு. அதுவும் வேலை இருக்கும்வரைதான்.

அடுத்த நன்றி ஐரோப்பிய ஒன்றியத்துக்கு. தாவர எரிபொருள் பூமியைக் காக்கும் என்று 2009இல் சட்டம் போட்டீர்கள். எங்கள் எண்ணெயை உங்கள் வண்டிகள் குடித்தன. 2018இல் சட்டத்தை மாற்றி, மறு ஆண்டே காடழிக்கும் பயிர் என்று செம்பனையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினீர்கள். 2023இல் இன்னொரு சட்டம்: 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்து எண்ணெய் உள்ளே வரக்கூடாது. அதற்கு முன் அழித்தது? அது துரைமார் காலத்துக் கணக்கு, தள்ளுபடி. அந்தச் சட்டத்தின் அமலும் 2025க்குத் தள்ளி, 2026க்குத் தள்ளி நிற்கிறது. கணினி தயாராகவில்லையாம். எங்களுக்கும் அவசரமில்லை; நூறு வருஷமாகக் காத்திருந்து பழகியவர்கள்.

இனி முக்கியமான நன்றி, பராகுவாட்டுக்கு. இந்தக் களைக்கொல்லிக்கு இருந்த அனுமதியை 2007இல் ஐரோப்பிய நீதிமன்றம் ரத்துசெய்தது. உங்கள் வயலும் நுரையீரலும் தப்பின. ஆனால் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் அதைத் தயாரித்த ஆலை தொடர்ந்து ஓடியது. உங்களுக்கு ஆகாத விஷம் ஊரார் வீட்டுக்குக் கப்பலேறியது. மலேசியா 2002இல் தடை என்றது, 2006இல் தளர்த்தியது, 2020இல்தான் நிறுத்தியது. இடைப்பட்ட காலத்தில் பம்பை முதுகில் சுமந்து மருந்தடித்தவர்களில் எங்கள் அக்காமார் எத்தனையோ பேர். மூக்கில் ரத்தம், உதிர்ந்த நகம் என்று 2002லேயே தெனாகனித்தா அமைப்பு எழுதிவைத்தது. படிக்க வேண்டியவர்களுக்கு நேரமில்லை.

புத்ராஜெயாவில் இருக்கும் எங்கள் அரசை விட்டால் மரியாதையாகாது. செம்பனையை நேசியுங்கள் என்று 2019இல் இயக்கமே நடத்தினார்கள். 2021இல் அதன் மானம் காக்க உலக வர்த்தக நிறுவனம்வரை வழக்காடினார்கள். மேரி, சுங்கை திங்கி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டத்து மக்கள், தருவதாகச் சொன்ன வீட்டுக்காக இருபது ஆண்டுக்கு மேல் அலைந்தபோது, வழக்காட யாரும் ஜெனீவாவுக்கு விமானம் ஏறவில்லை. மனிதனாகப் பிறந்தது தப்பு. செம்பனையாக முளைத்திருக்க வேண்டும்.

உங்கள் 2023 காட்டுச் சட்டத்தில் தொழிலாளர் உரிமையும் உண்டாம். விளைந்த நாட்டுச் சட்டப்படி நடந்திருந்தால் போதுமாம். அருமை! பராகுவாட்டையும் இந்நாட்டுச் சட்டம் அனுமதித்துத்தானே இருந்தது? ஆக, எங்கள் அக்காமாரின் நகங்கள் சட்டப்படியே உதிர்ந்தன.

ஐரோப்பிய நுகர்வோரே, எங்கள் எண்ணெயில் செய்த பிஸ்கட்டைத் தயங்காமல் கடியுங்கள். உங்கள் வண்டிக்கு ஒரு சட்டம், காட்டுக்கு ஒரு சட்டம், செம்பனையின் மானத்துக்கு ஒரு வழக்கு. மருந்தடித்தவளுக்கான சட்டம் பிரஸ்ஸல்ஸில் இருக்கிறதா, புத்ராஜெயாவில் இருக்கிறதா என்று தேடிச் சொல்லுங்கள். மீதி நன்றியை அன்றைக்குச் சொல்கிறோம்.