ஷார்ஜாவில் வெள்ளிக்கிழமை

ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களுக்கு நாலு காசு திரட்டித் தருவோம் என்று ஆரம்பித்து, ஊர் உலகத்துக்கே ரத்தக்கொதிப்பைக் கொடுத்த கதை இது.

அப்துல் ரகுமான் புகாதிர், ஷார்ஜாவின் கட்டுமான முதலாளி. கராச்சிக்குப் படிக்கப் போனவரை அங்கே கிரிக்கெட் பித்து பிடித்துக்கொண்டது. ஹனிஃப் முகமதுக்கும் ஆசிஃப் இக்பாலுக்கும் நிதி திரட்ட, 1981 ஏப்ரல் 3 அன்று கவாஸ்கர் லெவனையும் மியான்தத் லெவனையும் மோதவிட்டார். நட்சத்திர ஆட்டம், தர்ம காரியம், கடைசியில் கைகுலுக்கல். திட்டம் என்னவோ அவ்வளவுதான்.

அமெரிக்கர்களிடமும் இப்படி ஒன்று உண்டு. பெயர் புரோ பவுல். ஆளை ஆள் சாய்ப்பதுதான் அவர்கள் ஃபுட்பால். ஆனால் நட்சத்திர ஆட்டத்தில் மட்டும் ஒருவர்மேல் ஒருவர் விழாமல் பதவிசாக நடந்துகொள்வார்கள். அடிபட்டால் அடுத்த வருஷச் சம்பளம் என்னாவது? 2023இல் மோதலையே தூக்கிவிட்டு, இடுப்புக் கொடியைப் பிடுங்கும் ஆட்டமாக்கிவிட்டார்கள். நம்மவர்களுக்கு அந்தப் பக்குவம் வரவில்லை. லெவன்கள் போய் நாடுகள் வந்தன. தர்மம் ஓரமாய் நிற்க, மானம் மைதானத்தில் இறங்கியது.

முதல் ஆட்டம் நடந்த அந்த ஏப்ரல் 3 வெள்ளிக்கிழமை. வளைகுடாவுக்கே லீவு நாள். சவூதியின் ஜுபைல் கேம்ப்பில் வாரமெல்லாம் பைப்லைனோடு மல்லுக்கட்டியவனுக்கு, துணி துவைத்து, முடி வெட்டி, பிரியாணி தின்று, ஊருக்குக் கடிதம் எழுத இருந்த ஒரே நாள். அதைத்தான் ஷார்ஜா குறிவைத்தது.

1985 மார்ச் 22, வெள்ளி. இம்ரான் கான் 14 ரன் கொடுத்து 6 விக்கெட், இந்தியா 125. பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனவர்கள் புண்ணியவான்கள் அல்லர்: பாகிஸ்தான் 87க்குச் சுருண்டது. அந்தச் சந்தோஷத்துக்கு வட்டி அடுத்த வருஷம் வசூலானது. 1986 ஏப்ரல் 18, அதுவும் வெள்ளி. கவாஸ்கர் 92, நம்ம ஸ்ரீகாந்த் 75. கடைசிப் பந்து, பாகிஸ்தானுக்குக் கைவசம் ஒரே விக்கெட், தேவை நாலு. சேத்தன் சர்மா யார்க்கர் போட நினைத்தார். பந்து ஃபுல்டாஸாக மியான்தத் மட்டைக்கு நேரே போய் நின்றது. சிக்ஸர்!

தோற்றதுகூடப் பரவாயில்லை. சனிக்கிழமை வேலை உண்டே! சைட்டுக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் லாகூர் பாய். ஒன்றும் பேசமாட்டார், சும்மா சிரிப்பார். அதற்குப் பேசியே இருக்கலாம்.

1991 அக்டோபர் 25. கிழமையைக் கேட்காதீர்கள். சாஸ்திரி, அசாருதீன், டெண்டுல்கர் மூவரையும் அடுத்தடுத்த பந்தில் அனுப்பிவைத்தார் ஆகிப் ஜாவித். மொத்தம் 7 விக்கெட். 1998 ஏப்ரல் 24 வெள்ளியன்று மட்டும் சச்சின் தன் பிறந்தநாளுக்கு 134 அடித்து, ஆஸ்திரேலியாவிடமிருந்து கோப்பையை வாங்கிக்கொடுத்தார். அந்த வாரம் பிரியாணி ருசித்தது.

2000 அக்டோபர் 27 வெள்ளியன்று 30 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்து இந்தியாவைக் கவிழ்த்தவர் கண்டித் தமிழர் முரளிதரன். பாயிடம் முறைக்கலாம், பக்கத்துக் கட்டிலில் இருக்கும் இலங்கைத் தம்பியிடம் தமிழிலேயே தோற்க வேண்டியிருந்தது. இரண்டு நாள் கழித்து இறுதி ஆட்டத்தில் ஜெயசூர்யா ஒருவரே 189. பதிலுக்கு இந்திய அணி மொத்தமும் சேர்ந்து 54. அன்று ஞாயிறு என்பதால் வெள்ளிமேல் பழிபோடவும் வழியில்லை.

சூதாட்டப் புகார்கள் நாறிய பிறகு, 2001இல் இந்திய அரசு ஷார்ஜா பக்கம் போகக்கூடாது என்று அணிக்குத் தடை போட்டது. டெல்லி எதை நினைத்துப் போட்டதோ, ஜுபைலில் வெள்ளிக்கிழமை சாப்பாடு அதன் பிறகுதான் ஒழுங்காகச் செரித்தது.