மதகுக்குள் மீன் போகுமா? புதிய ஆய்வாளருக்கு ஒரு கையேடு

மதகை ஆய்வு செய்ய முதலில் மதகு வேண்டும். இலங்கை மலைநாட்டின் வட்டகொடைப் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. மலைக்கு மலை கான் வெட்டி இறக்கிவிட்ட தண்ணீர் எங்கேயாவது பாதையைக் கடந்தாக வேண்டுமே, அதனால் தலவாக்கலையிலிருந்து ஏறும் பாதையில் வளைவுக்கு ஒன்று கிடைக்கும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு மதகு என்பது ஒரு குட்டைச் சுவர், அதன்மேல் போன தேர்தலின் போஸ்டர். சிரித்தபடி கும்பிடுகிற வேட்பாளரைக் கண்டால் பெல் அடித்து இறங்கிவிடுங்கள். அவருக்குக் கீழே தண்ணீர் ஓடும்.

இறங்கியதும் ஓடைக்குப் பாயாதீர்கள். ஆய்வுப் படிவத்தின் முதல் கட்டம் ‘உரிமையாளர்’. இதை நிரப்பவே அரை நாள் போகும். சோற்றுப் பார்சலோடு போவது நல்லது. பெரிய வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. அதைவிடச் சின்னது மாகாணத்துக்கு. இன்னும் சின்னது பிரதேச சபைக்கு. தண்டவாளத்துக்குக் கீழே போனால் ரயில்வே திணைக்களம். தேயிலைக்குள் நுழைந்துவிட்டால் தோட்டக் கம்பெனி. ஒரே ஓடை அரை மைல் இறங்குவதற்குள் இந்த ஐந்து பேரையும் பார்த்துவிடலாம். ஐந்து பேரும் அது தங்கள் மதகு அல்ல என்பார்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் தோட்டத்துக்குள் செலவழிக்க இடம் தரவில்லை என்று சொல்லிச் சொல்லியே முப்பது வருஷம் ஓடியது. 2018இல் திருத்தச் சட்டம் வந்த பிறகுதான் லயத்துப் பாதையிலும் சபை கை வைக்கலாம் என்றானது. ஆகவே லயத்து மதகு இடிந்து கிடப்பதைப் பார்த்து, ‘இவ்வளவு நாளும் என்ன செய்தீர்கள்?’ என்று அங்கே நிற்கிற தாத்தாவிடம் கேட்டுவிடாதீர்கள். மனுசனுக்கே முப்பது வருஷம் எட்டாத சபை.

உடை விஷயத்தில் ஒரே ஆலோசனை: காலுறைக்குள் சவர்க்காரம் தேய்த்துக்கொள்ளுங்கள். அட்டைக்கு உங்கள் பதவி தெரியாது.

இப்போது இறங்கலாம். மேல்வாயைப் பார்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை, ஏனென்றால் அது பாதையிலிருந்தே தெரியும். நீங்கள் பார்க்க வேண்டியது கீழ்வாய். மீன் மேலே ஏறுகிற பிராணி; அதற்கு வாசற்படி அந்தப் பக்கம். அங்கே பெரும்பாலும் ஒரு ஹியூம் பைப், அதாவது கொங்கிறீட் குழாய், அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். கட்டியபோது அது ஓடையோடு மட்டமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அகன்று வந்த தண்ணீரைக் குழாய்க்குள் ஒடுக்கினால் அது வேகம் பிடித்து வெளியே பாய்ந்து அடிமண்ணை அரிக்கும். வருஷத்துக்கு வருஷம் தரை இறங்க, குழாய் அதே இடத்தில் நிற்கும். குழாயின் உதட்டிலிருந்து கீழே தேங்கியிருக்கும் நீர்மட்டம் வரை அடிமட்டத்தால் அளவெடுங்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநில மீன் துறையின் கையேட்டில் இதற்கு ஒரு கணக்கு உண்டு: 24 சென்ரிமீற்றருக்கு மேல் தண்ணீர் விழுந்தால் அந்த மதகு மீனுக்குத் தடை. அதுவும் சால்மனுக்கும் ட்ரவுட்டுக்கும், அதாவது குதிப்பதையே தொழிலாகக் கொண்ட மீன்களுக்கு. நம் மலையோடைகளின் கல்லொட்டியும் அயிரைச் சாதியும் குதிக்கிற ரகமல்ல, கல்லைப் பிடித்துப் பிடித்து ஏறுகிற ரகம். அந்தரத்தில் தொங்கும் கொங்கிறீட் உதட்டில் பிடிக்க எதுவும் இல்லை. இரண்டு விரல் நீளமுள்ள மீனுக்கு அந்த ஒரு சாண் கிரேட் வெஸ்டர்ன் மலை.

குதிக்கிற மீனுக்கும் குதிக்கக் குளம் வேண்டும். குதிக்கும் உயரத்தைப்போல் ஒன்றேகால் மடங்கு ஆழம் கீழே இருக்கட்டும் என்பது பழைய கணக்கு. எனவே கம்பை விட்டு ஆழமும் பாருங்கள். கம்பு டயரில் முட்டினால் டயரின் மேலிருந்து அளப்பதா, கீழிருந்தா என்று படிவத்தில் இல்லை.

அடுத்தது சரிவு. இதற்குக் கொழும்பிலிருந்து கருவி வரும்வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் எந்த மேசன் பாஸிடமும் ட்யூப் லெவல் இருக்கும். தண்ணீர் நிரப்பிய அந்தத் தெளிவான ட்யூபை குழாயின் இரண்டு முனையிலும் பிடித்தால் மட்டம் தெரிந்துவிடும். ‘மீன் ஏறுமா என்று பார்க்கிறோம் பாஸ்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், ட்யூபைத் திருப்பி வாங்கிக்கொள்வார். அதே வாஷிங்டன் கணக்கில், உள்ளே ஓடைக்கல் படியாத வெறும் குழாய் நூற்றுக்கு ஒன்றுக்குமேல் சரிந்திருந்தால் தடை. 12 மீற்றர் குழாய் என்றால் 12 சென்ரிமீற்றர் இறக்கம்தான் அனுமதி. மலைப்பாதையில் அப்படி ஒரு குழாயை நீங்கள் கண்டால் போட்டோ எடுத்து வையுங்கள். நம்முடைய ஆட்கள் குழாயை வைப்பது தண்ணீர் சட்டென்று ஓட வேண்டும் என்பதற்காக. அந்த வேலையை அது குறைவில்லாமல் செய்கிறது.

வேகத்தை அளக்க மிதக்கிற பொருள் ஒன்றை மேல்வாயில் போட்டு, கீழ்வாயில் வரும்வரை நொடி எண்ண வேண்டும். தேயிலைக் கொட்டை கைக்குக் கிடைக்கும். ஆனால் நல்ல கொட்டை தண்ணீரில் தாழ்ந்துவிடும், மிதக்கிறது சொத்தை. விதை பொறுக்கிய காலத்தில் நாற்றுத் தவறணைக்காரர்கள் அப்படித்தான் பிரித்தார்கள். அரைகுறையாகத் தண்ணீர் உள்ள பிளாஸ்ரிக் போத்தல் இன்னும் நல்லது. அதைத் தேடிப் போக வேண்டாம், கொஞ்ச நேரம் நின்றால் தானே வரும். கிடைத்த வேகத்தை 0.85ஆல் பெருக்கினால் ஏறத்தாழ சராசரி வேகம். இனி மீனின் பக்கம் வருவோம். சின்ன மீன் ஒன்று உயிரைக் கொடுத்து நீந்தினால் நொடிக்குத் தன் உடம்பைப்போல் பத்து மடங்கு தூரம் போகும், அதுவும் சில நொடிகளுக்குத்தான். ஆறு சென்ரிமீற்றர் மீனுக்கு அறுபது சென்ரிமீற்றர். குழாய்க்குள் தண்ணீர் நொடிக்கு ஒன்றரை மீற்றரில் வந்தால் மீன் முன்னே நீந்தியபடியே பின்னால் போகும். உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு இது புரியும்.

அகலத்துக்கு வருவோம், என் பார்வையில் இந்த ஆய்வின் உயிரே இதுதான். மதகிலிருந்து கொஞ்சம் மேலே போய், ஓடை தன் இஷ்டத்துக்கு ஓடுகிற இடத்தில் கரைக்குக் கரை அளவெடுங்கள். இன்றைய தண்ணீரின் அகலமல்ல, நிறைந்து ஓடும்போது தொடுகிற அகலம். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? பாசி எங்கே முடிகிறது, கிளைகளில் ஷொப்பிங் பேக் எந்த உயரத்தில் சிக்கியிருக்கிறது என்று பாருங்கள். அதைவிடச் சுலபம், அந்தத் தாத்தாவைக் கேட்பது.

“என்னாங்க ஐயா தேடுறீங்க?”

“மீன் பாக்குறோம் தாத்தா.”

“மீனா? அது சம்பள நாளைக்கு டவுன்ல வருமுங்க.”

“இந்த ஓடையில தாத்தா. பெரிய மழைக்கு தண்ணி எதுவரைக்கும் ஏறும்?”

அவர் பேசாமல் போய் ஒரு கருங்கல்லைக் காலால் தட்டிக் காட்டுவார். நீங்கள் நிற்கிற இடத்துக்கு மேலே, உங்கள் தோள் உயரத்தில் இருக்கும் அது. எழுதிக்கொள்ளுங்கள், படிவத்தில் நிறைவான ஒரே தரவு அதுவாகத்தான் இருக்கும். பிறகு குழாயின் விட்டத்தை அளந்து ஓடையின் அகலத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். மூன்று மீற்றர் ஓடைக்குத் தொண்ணூறு சென்ரிமீற்றர் குழாய் என்று வந்தால் அடித்துத் திருத்த வேண்டாம், அளவு சரிதான்.

இந்த இடத்தில் 1885இல் நானுஓயா வரை வந்த ரயில் பாதையின் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மலைநாட்டில் வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் வளைவு மதகுகள் இன்னும் அங்கங்கே நிற்கின்றன. அவற்றில் சில, அடியில் தளம் போடாமல் ஓடையின் கல்லையும் மண்ணையும் அப்படியே விட்டவை. மீனுக்காகச் செய்ததல்ல, மீனைப் பற்றி யோசித்த துரைமார் 1880களில் இங்கிலாந்திலிருந்து ட்ரவுட் முட்டை இறக்கி நுவரெலியா ஆறுகளில் விட்டுத் தூண்டிலோடு உட்கார்ந்தவர்கள். ஆனாலும் அந்த வளைவுக்குள் தண்ணீர் கல்லில் மோதி, ஒதுங்கி, தயங்கித்தான் போகிறது. அயிரை அந்தத் தயக்கத்தில் ஏறிவிடும். நல்ல மதகுக்கு மாதிரி தேடி வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போக விரும்பினால் போங்கள், மறுக்கவில்லை. திரும்பி வந்ததும் இதையும் எட்டிப் பாருங்கள்.

வாழிடப் பகுதி எளிது. ஓடையில் உள்ளங்கை அளவுக் கல்லை எடுத்துத் திருப்புங்கள். அடிப்பக்கம் மணல் மணலாக ஒட்டிய சின்னக் குழல் ஒன்று தெரிந்தால் விரலால் சுரண்டாதீர்கள். அது ஒரு புழு தன் எச்சில் நூலால் மணலைத் தைத்துக் கட்டிய வீடு. பக்கத்தில் மூன்று வாலோடு தட்டையாக ஒரு பூச்சிக்குஞ்சு கல்லோடு கல்லாக ஓடும். இவை இருந்தால் தண்ணீரில் இன்னும் மூச்சு இருக்கிறது, மீனுக்குச் சாப்பாடும் இருக்கிறது. கல்லைத் திருப்பியதும் செம்மண் குழம்பு மட்டும் எழும்பினால், மேலே எங்கேயோ மரக்கறித் தோட்டத்துக்கு மலையை நேராகக் கொத்தியிருக்கிறார்கள். ‘இரசாயனப் பாவனை’ என்ற கட்டத்துக்குத் தோட்டத்தில் கேட்பதானால் ஆண்டோடு கேளுங்கள்: கிளைபோசேற்றை 2015இல் நாடு முழுதும் தடைசெய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் திருப்பிக் கொடுத்தார்கள். புல்லுக்கு மட்டும்தான் இரண்டு தடவையும் தகவல் போனது.

‘இடம்பெயரும் மீனினங்கள்’ என்ற கட்டத்தில் விலாங்கு என்று எழுத உங்கள் கை துடிக்கும். படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும், விலாங்கு கடலில் பிறந்து ஆற்றில் ஏறி வளர்கிறது. வட்டகொடைத் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கினாலும் கொத்மலை ஓயாவில் சேர்ந்து மகாவலியோடு திருகோணமலைக் கடலுக்குத்தான் போகிறது. அந்த வழியில் ஒரு விலாங்குக் குஞ்சு ஏறி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். மினிப்பே அணையைக் கடந்தால் ரந்தம்பே. அதையும் கடந்தால் ரந்தெனிகல. அப்புறம் 122 மீற்றர் உயரத்தில் விக்டோரியா. பிறகு பொல்கொல்ல, பிறகு 87 மீற்றர் கொத்மலை. விலாங்குக் குஞ்சு ஈரச் சுவரில் ஏறக்கூடியது என்பது உண்மைதான், ஆனால் எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. இத்தனையும் தாண்டி ஒன்று வந்து உங்கள் மதகின் கீழ்வாயில் நின்றால், 24 சென்ரிமீற்றரைப் பற்றி அதனிடம் பேசாதீர்கள். தூக்கி மேலே விட்டுவிடுங்கள்.

தலவாக்கலைப் பக்கம் இறங்குகிற ஓடையாக இருந்தால் இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். 2012இல் மின்சாரம் தரத் தொடங்கிய 150 மெகாவோட் மேல் கொத்மலைத் திட்டம் ஆற்றைச் சுரங்கத்துக்குள் திருப்பிவிட்டது. சென்கிளேயர் நீர்வீழ்ச்சி செத்துவிடும் என்று ஊர் கூடிச் சண்டை போட்டதில் ஒரு சமரசம் வந்தது: பகலில் பத்தரை மணி நேரம், நாளுக்கு 47,250 கனமீற்றர் தண்ணீர் அருவிக்கு விடப்படும். ஏ-7 வீதியில் வேனை நிறுத்திப் போட்டோ எடுப்பவர்கள் பகலில்தானே வருகிறார்கள். அருவிக்கு அலுவலக நேரம் வைத்த ஊரில் மீனுக்கும் ஒரு நேர அட்டவணை போட்டுக் கொடுப்பது உங்கள் கடமை. ‘அவதானிப்பு’ கட்டத்தில், ‘இரவு நேரப் பயணம் தவிர்க்கப்பட வேண்டும்’ என்று எழுதலாம்.

இனிப் பரிந்துரை. நியூசிலாந்தில் சிப்பி வளர்க்கும் மயிர்க்கயிற்றைக் குழாய்க்குள் தொங்கவிட்டு, மீன் அதன் ஓரமாக ஏற வழி செய்கிறார்கள். நல்ல யோசனை, செலவும் குறைவு. நம் ஊரில் கயிறு அடுத்த நாள் காலை ஏதாவது மாட்டின் கழுத்தில் இருக்கும். வாஷிங்டனில் பழங்குடியினர், ‘எங்கள் ஒப்பந்தத்தில் மீன் பிடிக்கும் உரிமை இருக்கிறது, உங்கள் மதகு மீனை வரவிடவில்லை’ என்று மாநில அரசையே கோர்ட்டுக்கு இழுத்தார்கள். 2018இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் நாலுக்கு நாலாகப் பிரிய, கீழ்க்கோர்ட் தீர்ப்பு நிலைத்து, மாநிலம் நூற்றுக்கணக்கான மதகுகளை மாற்ற வேண்டியதாயிற்று. நம் மீனுக்கு ஒப்பந்தம் கிடையாது. ஆகவே எஸ்டிமேட் எழுதும்போது ‘மீன்’ என்ற சொல்லே வரக்கூடாது.

அதற்குப் பதிலாக இப்படி எழுதுங்கள். 2011இல் ஐரீன் புயல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மலைகளைப் புரட்டியபோது, ஓடையின் முழு அகலத்துக்கும் கட்டி, உள்ளே கல்லும் மண்ணும் படிய விட்ட மதகுகள் நின்றன. ஒடுங்கிய குழாய்கள் மரக்கட்டையால் அடைபட்டு, தண்ணீர் மேலேறிப் பாதையைக் கொண்டு போனது. அந்த அகல மதகுகளைக் கட்டியது மீனுக்காக. 2025 நவம்பரில் டித்வா புயல் நம் மலைப்பாதைகளை அறுத்த படங்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கும். அவற்றில் ஒன்றை இணையுங்கள். ‘குழாயை அகற்றி, ஓடை அகலத்துக்கு ஒன்றேகால் பங்கு அகலமான பெட்டி மதகு; அடித்தளம் ஓடை மட்டத்துக்கு ஓரடி கீழே; உள்ளே இயற்கைக் கல் நிரப்ப வேண்டும்.’ தலைப்பு ‘வெள்ளப் பாதுகாப்பு’. கல் நிரப்புவது எதற்கு என்று கணக்காளர் கேட்டால், அரிப்பைத் தடுக்க என்று சொல்லுங்கள், அதுவும் பொய்யில்லை. உரிமையாளர் கட்டம் இன்னும் காலியாக இருந்தால் ஐந்து பேருக்கும் பிரதி அனுப்பிவிடுங்கள்.