மாரிகாலப் பெரியப்பா

ஐப்பசியில் வடகிழக்கு மூலை கறுத்து முதல் இடி விழுந்ததும் வல்வெட்டித்துறையில் இரண்டு இனங்கள் உசாராகும். ஒன்று நுளம்பு. மற்றது மாரிகாலப் பெரியப்பா.

ஊரிக்காடு, தீருவில், ரேவடி என்று குறிச்சிக்கு ஒருவராவது இருப்பார். அறுபத்தைந்து தாண்டியவர். கப்பலில் வேலை செய்து ஓய்ந்தவர். இல்லாவிட்டால் கப்பலில் வேலை செய்தவரின் தம்பி. மடித்துக் கட்டிய சாரம், கக்கத்தில் குடை, சட்டைப் பையில் சின்ன ரோச் லைற். மழையில்லாத நேரத்தில் குடை எதற்கு என்று கேட்கக் கூடாது. அடுத்தவர் வளவில் கிடக்கும் சிரட்டையைக் கிண்டிக் கவிழ்க்க அதைவிட நல்ல ஆயுதம் கிடையாது.

1938இல் அன்னபூரணிக் கப்பலை அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை கொண்டுபோய்ச் சேர்த்த ஊர் இது. இங்குள்ளவர்களுக்குக் காற்றையும் கடலையும் பற்றி யாராவது புத்தி சொல்ல முடியுமா? பெரியப்பாவால் முடியும். காலையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியல் துறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜாவின் வானிலைக் குறிப்பை முகநூலில் படிப்பார். பிறகு கடற்கரைக்குப் போய் வானத்தைப் பார்ப்பார். இரண்டையும் கலந்து, 1964 டிசம்பர்ப் புயலையும் கொஞ்சம் தூவி, சந்திக் கடையில் வெளியிடுவார். தனுஷ்கோடியை அள்ளிக்கொண்டு போன அந்தப் புயல் இலங்கையின் வடக்கையும் உலுக்கிவிட்டுத்தான் போனது. அப்போது அவருக்கு வயது ஐந்தோ ஆறோ. ஆனால் கதையில் வள்ளங்களை இழுத்துக் கட்டியவர் அவரேதான்.

என்றாலும் 2020 டிசம்பர் 2ஆம் தேதி இரவு புரெவி சூறாவளி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியபோது, பகலிலேயே “எஞ்சினைக் கழட்டு, வள்ளத்தை மேல ஏத்து” என்று கரை முழுக்கக் கத்தித் திரிந்தது இந்த இனம்தான். அடையாள அட்டையையும் காணி உறுதியையும் பொலித்தீன் பையில் சுற்றி உயரத்தில் வைக்கச் சொல்வதும் இவர்களின் நல்ல பழக்கங்களில் ஒன்று. அதைச் சொல்லும் முறையில்தான் கோளாறு. வாசலில் நின்றபடியே “உறுதி எங்க கிடக்கு?” என்று தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டுக்குத்தான் நெஞ்சு பதறாது? பங்கு கேட்க வந்துவிட்டார் என்று மச்சாள் வீட்டார் தைமாதம் வரை அவரோடு கதைக்கவில்லை.

சூறாவளி வருடத்துக்கு ஒருமுறை வரும், வராமலும் போகும். நுளம்பு அப்படியல்ல. 2017இல் இலங்கை முழுவதும் 186,101 பேர் டெங்குக் காய்ச்சலில் விழுந்தார்கள். தெற்கில் ஆனி, ஆடி மழையோடு உச்சம் என்றால், யாழ்ப்பாணத்தில் உச்சம் மார்கழியும் தையும். ஆகவே கார்த்திகை முழுக்கப் பெரியப்பாவுக்கு ஓய்வில்லை.

“பிள்ளை, உந்தப் பூச்சாடித் தட்டில என்ன?”

“தண்ணி, பெரியப்பா.”

“எத்தினை நாள் தண்ணி?”

இந்தக் கேள்விக்கு ஒரு பெறாமகளாலும் சரியாகப் பதில் சொல்ல முடியாது. முட்டை பொரித்து நுளம்பாகிப் பறக்க ஏழெட்டு நாள் போதும் என்று கணக்குச் சொல்லிவிட்டு, பெரியப்பா குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம் போவார். அங்கே தண்ணீர் வடியும் தட்டு ஒன்று இருக்கிறது என்பதே அந்த வீட்டுக்குப் புதிய செய்தி. தொட்டியை ஊற்றிவிட்டால் போதாது, உட்சுவரைத் தும்புக்கட்டையால் தேய்க்க வேண்டும் என்பார். அது சரிதான். ஒட்டிய முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடந்து, அடுத்த மழைத்தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

அவர் பிழைவிட்ட இடமும் உண்டு. கரையில் கைவிடப்பட்டுக் கிடக்கும் வள்ளங்களை அவர் நீண்டகாலம் திரும்பியும் பார்க்கவில்லை. “உப்புத் தண்ணியில டெங்கு நுளம்பு வராது” என்பது கரையூர்களின் பழைய நம்பிக்கை. ரஞ்சன் ராமசாமி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியலாளர் நோபிள் சுரேந்திரன் முதலானோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையைக் கவிழ்த்துவிட்டது. குடாநாட்டுக் கரையிலும் மட்டக்களப்பிலும் கைவிட்ட வள்ளங்கள், பாவிக்காத கிணறுகள், வீசிய போத்தல்களில் இருந்த உவர்நீரில் டெங்கு நுளம்பின் குடம்பிகள் இருந்தன. லீற்றருக்கு 15 கிராம் உப்புள்ள நீரில்கூட, அதாவது கடல்நீரில் பாதிக்குச் சற்றுக் குறைந்த உப்பிலும், அவை வளர்ந்தன. இதை அறிந்த நாளிலிருந்து பெரியப்பாவின் எல்லை படலையைத் தாண்டிக் கடற்கரை மணல் வரை நீண்டுவிட்டது. வாடியில் வலை தெரிந்துகொண்டிருப்பவர்கள் குடையைக் கண்டதும் எழுந்து வள்ளத்துத் தண்ணீரை வாளியால் இறைப்பதுபோல் பாவனை செய்வார்கள்.

காய்ச்சல் வந்துவிட்டால் மட்டும் அவர் சொல்லைக் கேட்கக் கூடாது. பப்பாசி இலைச்சாறு, வேப்பம்பட்டை என்று நீளமான பட்டியல் வைத்திருக்கிறார். வேண்டியது பரசிற்றமோல், நிறைய நீராகாரம், மூன்றாம் நாளுக்குள் ஓர் இரத்தப் பரிசோதனை. அஸ்பிரின், இபுபுரோபன் பக்கமே போகக் கூடாது. “காய்ச்சல் விட்டிட்டுது, இனிப் பயமில்லை” என்று அவர் அறிவிக்கும் அந்த நாள்தான் டெங்கில் ஆபத்தான நாள். வயிற்றுநோவு, விடாத சத்தி, சிறுநீர் குறைவு எதைக் கண்டாலும் ஊறணி வைத்தியசாலைக்கோ பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைக்கோ ஓட வேண்டும். 2024 டிசம்பரில் குடாநாட்டில் ஒரு காய்ச்சல் சிலரைக் கொண்டுபோனபோதும் அவர் இலையும் பட்டையுமாகவே நின்றார். அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்து, வயலில் இறங்குபவர்களுக்குச் சுகாதாரப் பகுதியினர் டொக்சிசைக்கிளின் குளிசை கொடுத்த பிறகுதான் அடங்கினார். சேற்றில் வெறுங்காலோடு இறங்காதே, காலில் காயமிருந்தால் இறங்கவே இறங்காதே என்பது இப்போது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

அவருடைய உண்மையான போர்க்களம் வேறு. இந்த ஊரில் பாதிப்பேர் லண்டனிலும் ரொறன்ரோவிலும். வீடுகள் மட்டும் இங்கே, பூட்டியபடி. மேலே தண்ணீர்த் தாங்கி, மூடி பறந்து கிடக்கும். பீலியில் மாவிலை அடைத்து மழைநீர் தேங்கும். பூட்டிய படலைக்கு முன்னால் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) என்ன செய்வார்? நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்க 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் அறிவித்தலைக் கையில் வாங்க ஆள் இல்லை. பெரியப்பாவிடமோ செல்ஃபித் தடி இருக்கிறது, லண்டன் மருமகள் அனுப்பியது. அதில் போனைப் பொருத்தி மதிலுக்கு மேலாகத் தூக்கிப் பிடிப்பார். படம் நேரடியாக உரிமையாளருக்குப் போகும்.

“பெரியப்பா, இஞ்ச இப்ப விடியப்புறம் ஒண்டரை.”

“நுளம்புக்கு மணி தெரியாது தம்பி. உன்ர பீலியைப் பார். தாங்கியைக் காட்டட்டோ?”

மூன்று இரவு இப்படிப் போன் அடித்தால் நாலாம் நாள் காசு வரும், பெடியன் ஒருவன் ஏணியோடு வருவான். டெங்குப் பயமோ நீதிமன்றப் பயமோ செய்யாததை இந்த விடியப்புற அழைப்பு செய்துவிடுகிறது. சிலர் தொல்லை தாங்காமல் சாவியையே அனுப்பிவிட்டார்கள். இப்போது தெருவுக்கு வரும் பீ.எச்.ஐ. முதலில் கேட்பது பெரியப்பா வீடு எது என்றுதான்.

இத்தனை எச்சரிக்கையும் தைப்பொங்கலன்று உதயசூரியன் கடற்கரையில் கரைந்துவிடும். பட்டப்போட்டி நாள். அவர் பெயருக்கு இரண்டு சொல்வார்: மின்கம்பிக்குக் கிட்டக் கொண்டுபோகாதே, கம்பியில் சிக்கினால் இழுக்காதே. அதன்பின் பட்டத்தில் கட்டிய விண் கூவும் சத்தத்தில் எல்லாம் மறந்துபோகும். கூட்டத்தில் யாராவது 2021 டிசம்பரில் பட்டக்கயிற்றோடு முப்பதடி உயரத்துக்கு மேலே போய், ஒருவாறு உயிரோடு இறங்கிய பருத்தித்துறை இளைஞரை நினைவூட்டுவார்கள். உலகம் முழுக்கப் பார்த்த காணொளி. பாதுகாப்பைப் பற்றிப் பெரியப்பா ஒரு சொற்பொழிவு ஆற்றுவார் என்று எல்லோரும் காத்திருப்பார்கள். அவர் மேலே நிற்கும் கொக்குப் பட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வார்:

“அந்தப் பெடியனில ஒரு பிழையும் இல்லை. கூடப் பிடிச்சவங்கள் கயித்தை விட்டிட்டாங்கள். அது பருத்தித்துறை. எங்கட பெடியள் விடமாட்டாங்கள்.”